ஏழு படி வைத்த வீடு

கண்டியில் நான் வரைந்த வீடுகளில் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு சின்ன வீடுதான். வாவிக்கு மேலே, மலையை ஒட்டிப் போகும் பழைய தெரு ஒன்றில், இரண்டு பழைய வீடுகளுக்கு நடுவே இருபத்தெட்டு அடி அகல இடைவெளியில் அதைச் செருகினேன். கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு வருவார்கள். எதிரே மதிலோரம் நிற்கவைத்து, இந்த ஆறு வீடுகளில் எது புதியது என்று கேட்பார்கள். பாதிப் பேர் பிழையான வீட்டைக் காட்டுவார்கள். அதைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

பிள்ளைகளுக்குச் சொல்லப்படாத விஷயம் ஒன்று உண்டு. அந்த வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். அவரை உள்ளே வைத்துப் பூட்டியவன் நான். பூட்டோ சாவியோ தேவைப்படவில்லை, ஏழு படி போதுமாக இருந்தது. இதை எழுதுவதால் அவர் வெளியே வந்துவிடப் போவதில்லை. என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்கிறவர்கள் கூடிப்போய்விட்டார்கள், அது எரிச்சலாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் தெருவைச் சொல்லிவிடுகிறேன். கண்டியில் தட்டையான தெரு கிடைப்பது அபூர்வம். ஒன்று ஏறும், இல்லாவிட்டால் இறங்கும். இந்தத் தெரு மட்டும் மலையின் இடுப்பில் கட்டிய கயிறு போல, ஏறாமல் இறங்காமல், சந்திவரைக்கும் கிடையாகப் போகும். சந்தியில் பேப்பர் கடை, சலூன், ஒரு தேநீர்க் கடை. வீடுகள் எல்லாம் மலைப்பக்கத்தில் வரிசையாக இருக்கும். மறுபக்கம் மதில், மதிலுக்குக் கீழே மரங்கள், மரங்களுக்குக் கீழே வாவி.

பழைய ஐந்து வீடுகளும் ஒரே ஆள் கட்டியது போல இருக்கும். மூன்றரை அடி உயரத்துக்குக் கருங்கல் கட்டு, அதன் மேல் கடைசல் தூண் வைத்த விறாந்தை, இரண்டு சரிவாக மடிந்து இறங்கும் ஓட்டுக் கூரை, கூரை விளிம்பில் பூ வெட்டிய பலகை. தெருவிலிருந்து விறாந்தைக்குப் போக ஏழு கருங்கல் படி. எல்லா வீட்டிலும் ஏழுதான். தெருவின் இந்த முனையில் நின்று பார்த்தால் ஐந்து வீட்டுப் படிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். எனக்கு அந்தக் காட்சியின் மேல் பைத்தியம்.

பைத்தியத்துக்குக் காரணம் என் அப்பா. அவர் டவுனில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளர். பெருநாள் காலங்களில் சேலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு இந்த வீடுகளுக்கு வருவார், வீட்டு அம்மாக்கள் பார்த்து எடுப்பதற்காக. எப்போதும் பக்கவாட்டுக் கேற் வழியாகத்தான் வருவார், பின்னால் சமைக்கிற குசினிப் பக்கம்தான் விரிப்பார். முன் படிகளில் ஏறக்கூடாது என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிந்துவைத்திருந்தார். பிற்காலத்தில் தெருச் சங்கத்தின் தலைவர் என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டபோது, படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன். ஏழாவது படியில் ஒரு கணம் நின்றேன்கூட. அவ்வளவு அற்பமான ஆள் நான்.

டீச்சரும் அவர் கணவரான ஐயாவும் என் அலுவலகத்துக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை. அலுவலகம் முதல் மாடியில் இருந்ததால் டீச்சர் மட்டும் மேலே வந்தார், ஐயா கீழே ஆட்டோவில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்கள், கண்டிக்கு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். டீச்சர் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஐயா அரசாங்கத்தில் வீதி வேலைகளுக்கு மட்டம் பார்க்கும் உத்தியோகத்தில் இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன்பு பாரிசவாதம் வந்து, வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது, சொற்களை எழுதவும் வராது.

"தம்பி, எங்களுக்குப் பெரிய வீடு வேண்டாம்," என்றார் டீச்சர். "இவர் தன்ர பாட்டிலை வெளியிலை போய் வரவேணும். அவ்வளவுதான்."

"தனியாவா போவாரு?"

"ஓம். இடக்கையாலை சில்லை உருட்டுவார், இடக்காலாலை நிலத்தை உந்துவார். தட்டையான இடமெண்டால் நல்லாப் போவார். இப்ப இருக்கிறது மாடி வீடு. ஆஸ்பத்திரிக்குப் போறதெண்டாலும் நாலு பேரைப் பிடிச்சுத் தூக்க வேண்டிக் கிடக்கு. தூக்கிற நேரம் இவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார் தம்பி. வெட்கத்திலை."

பிறகு காணியைப் பற்றிச் சொன்னார். அந்தத் தெருவில் பக்கத்துப் பெரிய வீட்டுக்காரர்கள் பழைய காலத்தில் கார் நிறுத்துவதற்காக மலையை வெட்டித் தட்டையாக்கிய துண்டு அது. வெளிநாட்டுக்குப் போகிறபோது விற்றுவிட்டார்கள். தெருவோடு சரிமட்டமாகக் கிடந்த ஒரே நிலம்.

"அதுதான் வாங்கினனாங்கள். கண்டி முழுக்கத் தேடி, இந்த ஒழுங்கையிலைதான் இவருக்கு ஏத்த காணி கிடைச்சது. காலமை சந்திக்குப் போய், தானே பேப்பர் வாங்கி, தானே திரும்பி வருவார்."

அன்றைக்கே நான் மனதில் வீட்டை வரைந்துவிட்டேன். தெரு மட்டத்திலேயே தரை, அகலமான கதவு, வாசலில் ஒரு அங்குல உயரம்கூட இல்லாமல். அரை நாள் வேலை. அப்படியே பிளானும் போட்டேன். அந்த முதல் பிளான் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது.

அந்தப் பகுதியில் புதிதாகக் கட்டுவதற்குக் கூரை வடிவம், உயரம், ஓடு என்று விதிகள் உண்டு. படிக்கு எந்த விதியும் கிடையாது. இருந்தாலும் தெருச் சங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை என்று பிளானைத் தூக்கிக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன். தலைவர் ஓய்வு பெற்ற வங்கி மனேஜர், எழுபது வயது, சிங்களவர். பண்பான மனிதர். என் பிளானை மேசையில் விரித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு சிங்களத்தில் மெல்லச் சொன்னார், இது கொஞ்சம் கடை மாதிரி இருக்கிறதே என்று.

அவ்வளவுதான் சொன்னார். மாற்று என்று சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. ஆனால் கடை என்ற சொல் எனக்குச் சுரீர் என்று தைத்தது. துணிக்கடைக்காரன் மகன் வந்து நம் தெருவில் கடை கட்டுகிறான் என்று அவர் நினைத்ததாக நான் நினைத்தேன். அவர் என் அப்பாவைக் கண்டதுகூட இல்லை. நான் அந்த இடத்திலேயே பென்சிலை எடுத்து, பிளானின் மேலே கருங்கல் கட்டையும் ஏழு படியையும் வரைந்து காட்டினேன். தலைவரின் முகம் மலர்ந்தது. இன்னொரு கேக் துண்டு வைத்தார்.

அந்தக் கேக்கைத் தின்றுகொண்டிருக்கும்போதே எனக்குக் கணக்குத் தெரியும். சக்கரக் கதிரை ஆள் உதவி இல்லாமல் ஏறி இறங்க வேண்டுமானால், ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளமாவது சரிவு வேண்டும். ஏழு படி, படிக்கு ஆறு அங்குலம், மொத்தம் நாற்பத்திரண்டு அங்குலம். அப்படியானால் சரிவு நாற்பத்திரண்டு அடி. காணியின் முகப்போ இருபத்தெட்டு அடி. நேராகப் போடவே முடியாது. போய்த் திரும்பி வருகிற மாதிரி மடித்துப் போடலாம், முன்னால் விட்ட பத்தடிக்குள் அடங்கும். ஆனால் அப்போது வீட்டின் முகம் முழுக்கச் சரிவாகிவிடும், படி இருக்காது, ஐந்து வீட்டுப் படிகளோடு ஆறாவதாக என் படி வரிசையில் நிற்காது. தரையைத் தாழ்த்தினால் எந்தத் தொல்லையும் இல்லை. இதெல்லாம் தெரிந்தும் படிதான் என்று முடிவெடுத்தேன்.

இரண்டாவது பிளானோடு அவர்களுடைய மாடி வீட்டுக்குப் போனேன். டீச்சர் படத்தைப் பார்த்து, "வடிவாத்தான் கிடக்கு" என்றார். பிறகு விரலைப் படியில் வைத்தார்.

"இது என்ன தம்பி?"

"இந்தத் தெருவுக்கு இதுதாங்க டீச்சர் அடையாளம். இது இல்லாட்டி நம்ம வீடு தனியாத் தெரியும். சங்கத்துல ஒத்துக்க மாட்டாங்க."

"அப்ப இவற்ர கதிரை?"

"ராம்ப் ஒண்ணு போட்டுருவோம். பக்கவாட்டுல. கட்டி முடிச்சதும்."

பக்கவாட்டில் மூன்றடிச் சந்துதான் இருந்தது. டீச்சருக்கு அது தெரியாது. தமிழ் டீச்சர், பிளான் வாசிக்கத் தெரியாதவர், என்னை நம்பி வந்தவர். காதில் பூச் சுற்றுவது அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

ஆனால் ஐயாவுக்குப் பிளான் வாசிக்கத் தெரியும். மலைநாட்டு வீதிகளுக்கு முப்பது வருடம் மட்டம் பார்த்தவர், எந்தச் சரிவில் பஸ் ஏறும், எந்தச் சரிவில் ஏறாது என்று கணக்குப் போட்டவர். அவர் தாளை இடக்கையால் தன் பக்கம் இழுத்தார். படி வரைந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, விரலால் படியைத் தட்டினார். திரும்பத் திரும்பத் தட்டினார்.

"அவருக்கும் பிடிச்சுப் போச்சு," என்றார் டீச்சர், சிரித்துக்கொண்டு.

"ஆமாங்க டீச்சர், புடிச்சிருச்சி," என்றேன் நான்.

ஐயா என்னை நிமிர்ந்து பார்த்தார். கை நீட்டிப் பென்சில் கேட்டார். டீச்சர் கொடுத்தார். நாங்கள் குளியலறை ஓடுகளின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர் தாளின் ஓரத்தில் குனிந்து ஏதோ எழுதினார். நான் இருந்த பக்கத்திலிருந்து தலைகீழாகத் தெரிந்தது. நடுங்கி நடுங்கி எழுதிய இலக்கம். நாற்பத்திரண்டு. நான் தேநீர்க் கோப்பையை எடுத்துக் குடித்துவிட்டு, இன்னொரு பிரதியைச் சுருட்டிக்கொண்டு எழும்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்த மனிதரின் மேல் எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. வாய் இல்லாத மனிதருக்கு இவ்வளவு கணக்கு எதற்கு என்று நினைத்தேன்.

தட்டையான காணியில் மூன்றரை அடிக்குக் கருங்கல் கட்டி, உள்ளே மண் நிரப்ப வேண்டியிருந்தது. கெலிஓயாப் பக்கமிருந்து டிப்பர் டிப்பராக மண் வந்தது. புசல்லாவைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வேலைக்கு வந்த தலைமைக் கொத்தனாரான மேசன் பாஸ், முதல் டிப்பர் கொட்டிய அன்றைக்கே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சேர், அந்த ஐயா கதிரையில வர்றவரு. நல்லா மட்டமா கெடக்குற எடத்துல எதுக்கு மண்ணக் கொட்டுறோம்?"

"பாஸ், பிளான்ல என்னா இருக்கோ அதச் செய்ங்க."

"பிளானு உங்க பிளானு. குடியிருக்கப் போறது அவங்கதானே?"

நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு வேலை முடியும்வரை என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலையைக் குறை சொல்ல முடியாது. படிகளைப் பழைய படிகளோடு ஒரு நூல் பிசகாமல் வைத்தார்.

அடுத்து வந்தது நிலை வைக்கிற நாள். முன்வாசல் கதவு நிலையை நாள் பார்த்து, நேரம் பார்த்து நிறுத்துவது நம் எல்லோருக்கும் வழக்கம். மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து, நிலைக்கு அடியில் கொஞ்சம் பொன் வைத்து, பூவும் குங்குமமும் சாத்தி நிறுத்திவிட்டால் பிறகு அதை அசைக்க மாட்டார்கள். நிலையைப் பிடுங்கினால் குடும்பத்துக்கு ஆகாது. எனக்கு இது நன்றாகத் தெரியும். டீச்சருக்குச் சந்தேகம் வர ஆரம்பித்திருந்தது, இரண்டு தடவை போன் பண்ணி ராம்ப் எங்கே வருகிறது என்று கேட்டிருந்தார். நிலை ஒருதடவை அந்த உயரத்தில் நின்றுவிட்டால் கேள்வி நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன். கல் கட்டு முடிந்தும் முடியாமலும் இருக்கும்போதே, தை மாதத்தில் நல்ல நாள் போய்விடும் என்று அவர்களை அவசரப்படுத்தியது நான்தான். வேறு எந்த வீட்டு வேலையிலும் நான் நாள் நட்சத்திரம் பேசியவன் அல்ல.

காலை வெயிலில் ஐயாவைத் தெருவில் கதிரையோடு நிறுத்தி, உறவுக்காரர் ஒருவர் குடை பிடித்தார். டீச்சர் படிகளுக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தார். முதல் தடவையாக அந்த உயரத்தைக் கண்ணால் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"தம்பி, உயரமாக் கிடக்கே. இவரை என்னெண்டு ஏத்திறது?"

"ராம்ப் வரும் டீச்சர்."

"எங்காலை வரும்? எனக்குச் சரியா விளங்கேல்லைத் தம்பி. கொஞ்சம் பொறுங்கோ, இதை ஒருக்கா யோசிச்சிட்டு..."

"நேரம் போகுதுங்க டீச்சர். இன்னும் பத்து நிமிஷந்தான். விட்டா ராகு காலம் வந்துரும்."

ராகு காலம் என்றதும் உறவுக்காரர்கள் எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். ஐயர் மணியை எடுத்தார். டீச்சர் படியோரம் ஒதுங்கி வழிவிட்டார்.

குடும்பத் தலைவர் நிலையைத் தொட்டுப் பூ வைக்க வேண்டும் என்று ஐயர் சொன்னார். ஐயாவை மேலே தூக்க நேரமில்லை. அவர் கையில் ஒரு செவ்வரத்தம்பூவைக் கொடுத்து, அதை வாங்கிக்கொண்டு போய் அவர் சார்பில் நிலையில் வைக்கலாம் என்று யோசனை சொன்னவனும் நான்தான். பூவைக் கொடுத்தார்கள். திருப்பிக் கேட்டபோது அவர் விடவில்லை. பொத்திய கையைத் திறக்கவேயில்லை. டீச்சர் குனிந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "விறைச்சுப் போச்சு, பாவம்," என்று மற்றவர்களுக்குச் சொன்னார். பூ இருந்தது இடக்கையில், அவருடைய நல்ல கையில். அதைக் கவனித்தவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. கசங்கிய பூவை டீச்சர் படி ஏறிக் கொண்டுபோய் வைத்தார். நிலை நின்றது.

புதுவீட்டுக்குக் குடிபோகிற குடிபூரலுக்கு நாலு பேர் ஐயாவைக் கதிரையோடு தூக்கி ஏற்றினார்கள். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தெருக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தலைவர் விறாந்தையில் நின்று, தூணைத் தடவிப் பார்த்து, என்றைக்கும் இங்கேயே இருந்த வீடு மாதிரி இருக்கிறது என்றார். எல்லோருக்கும் முன்னால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான். இப்போது நினைத்தாலும் அந்தச் சந்தோஷம் குறையவில்லை, அதுதான் கேவலம்.

ராம்ப் விஷயத்துக்காக ஒரு நாள் போனேன். நாடாவைப் பிடித்து அங்கே இங்கே அளந்தேன், ஏதோ குறித்துக்கொண்டேன், எல்லாம் டீச்சர் பார்ப்பதற்காக. ஒரு மாதம் கழித்துப் போன் பண்ணி, சங்கத்தில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். நான் சங்கத்தில் கேட்கவே இல்லை.

"பரவாயில்லைத் தம்பி," என்றார் டீச்சர். "நீங்கள் என்ன செய்வியள். இவருக்கு நான் சொல்லிப் பாக்கிறன்."

அதற்குப் பிறகு டீச்சரின் போன் வந்தால் எடுக்காமல் விட்டேன். அவரும் அதிகம் கூப்பிடவில்லை. முதல் சில மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தி ஆட்டோக்காரர்களைக் கூப்பிட்டுத் தூக்கி இறக்கியிருக்கிறார்கள். பிறகு ஐயாவே தலையை ஆட்டி மறுத்துவிட்டாராம். மருத்துவமனைக்குப் போகிற நாட்களைத் தவிர வெளியே வருவதில்லை. தெருப்பக்க ஜன்னலில், தெருவின் முகத்துக்குப் பொருத்தமாக நான் வைத்த மரச்சட்டத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். சந்திக்குப் போகிற தெரு அவருக்கு அந்தச் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் தெரியும். பேப்பரை ஒரு பையன் படியில் எறிந்துவிட்டுப் போவான், டீச்சர் இறங்கி எடுப்பார்.

போன வருடம் ஒரு சஞ்சிகையிலிருந்து வீட்டைப் படம் எடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். டீச்சரிடம் அனுமதி கேட்க, வெகுநாளைக்குப் பிறகு நானாகப் போன் பண்ணினேன். "ஓம் தம்பி, வாங்கோ" என்றார், ஒரு குறையும் சொல்லாமல்.

படம் எடுக்கிறவர் வந்து தெருவில் கருவிகளை வைத்துக்கொண்டிருந்தபோது தலைவர் கைத்தடியோடு வந்தார். கொஞ்சம் தளர்ந்திருந்தார். என்னைக் கண்டு சந்தோஷப்பட்டார். ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டி, அந்தப் பாவப்பட்ட மனிதருக்கு ஒரு சரிவு போட்டுக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். முன்பக்கத்தில்தான் போட வேண்டியிருக்கும், தெருவின் அழகு கெட்டுவிடும் என்றேன். அவர் என்னை வியப்பாகப் பார்த்தார். மனிதர் நடமாடுவதற்காகப் போட்டால் யார் என்ன சொல்லப் போகிறோம், நாங்கள் என்ன மிருகங்களா என்றார். சொல்லிவிட்டுத் தன் வீட்டுப் படிகளில் கைத்தடியை ஊன்றி ஊன்றி ஏறிப் போனார்.

உள்ளே போனேன். ஐயா விறாந்தையில், படியின் தலைமாட்டில் இருந்தார். படம் எடுக்கிறவர் கீழேயிருந்து, விறாந்தை காலியாக இருந்தால் நல்லது என்று சைகை காட்டினார்.

"டீச்சர், ஐயாவக் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளிக்கலாமா? ஒரு அஞ்சு நிமிஷம்."

டீச்சர் வருவதற்குள் நானே கதிரையின் பின்பிடியைப் பிடித்து உள்ளே உருட்டினேன். ஐயா இடக்காலை நிலத்தில் ஊன்றினார். பலம் இருந்தது அந்தக் காலில். நான் கொஞ்சம் அழுத்தித் தள்ளினேன். கால் வழுக்கிக்கொண்டு வந்தது.

படம் எடுத்து முடிந்தது. டீச்சர் எனக்கு வடையும் தேநீரும் தந்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக அலுமாரியைத் திறந்து, மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். என் பிளான். இரண்டாவது பிளானின் பிரதி.

"தம்பி, துப்புரவாக்கேக்கை இது கிடைச்சது. ஓரத்திலை இவர் என்னமோ எழுதியிருக்கிறார். எனக்கு விளங்கேல்லை. இவர் கையாலை கடைசியா எழுதினது இதுதான், எறிய மனம் வரேல்லை. இது என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ."

தாளின் ஓரத்தில் நாற்பத்திரண்டு. அதன் பக்கத்தில் இருபத்தெட்டு. அன்றைக்கு நான் பார்க்காமல் விட்டது அதற்குக் கீழே இருந்தது. ஒரு கோடு, தெருவிலிருந்து புறப்பட்டு, முகப்பின் நீளத்துக்குப் போய், அங்கே திரும்பி, மறுபடியும் வந்து வாசலில் முடிந்தது. கை நடுங்கினாலும் கோடு பிசகவில்லை. படிகள் வரைந்திருந்த இடத்தின் மேல் ஒரு குறுக்குக் கீறல். நான் மண் கொட்டுவதற்கு முன்பே, நிலை வைப்பதற்கு முன்பே, அவர் வழி கண்டுபிடித்து எழுதித் தந்திருக்கிறார்.

ஐயா எதிரே இருந்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி இது?" என்றார் டீச்சர். "ஏதாவது கேட்டிருக்கிறாரோ?"

சொல்லியிருக்கலாம். சங்கத் தலைவர் சற்று முன்புதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாஸைக் கூப்பிட்டால் இரண்டு வாரத்தில் முடிகிற வேலை. ஆனால் கீழே, படங்கள் நிரம்பிய பெட்டியோடு, அந்தப் படிகளைப் பாராட்டுகிற ஒருவர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லீங்க டீச்சர்," என்றேன். "சும்மா கிறுக்கியிருக்காரு."

டீச்சர் தாளை வாங்கி, ஐயாவின் முழங்காலில் வைத்து, மடிப்பை நீவிவிட்டார். "நானும் அப்பிடித்தான் நினைச்சனான்," என்றார்.

ஐயா சட்டைப் பைக்குள் இடக்கையை விட்டார். ஒரு சின்னப் பென்சில், விரல் நீளம்கூட இல்லாதது. அதை எடுத்து என் பக்கம் நீட்டினார். நீட்டிய கையை இறக்கவில்லை. முகத்தில் கோபம் இல்லை. பழைய உத்தியோகத்தில் கீழே வேலை செய்யும் பொடியனுக்குப் பிழை திருத்தச் சொல்லிக் கொடுத்திருப்பாரே, அப்படித்தான் நீட்டினார்.

"உங்களுக்குத் தாறார் தம்பி. வாங்குங்கோ," என்றார் டீச்சர்.

எனக்கு வேலை இருக்கிறது, இன்னொரு நாள் வருகிறேன் என்றேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஏழு படியையும் இறங்கித் தெருவுக்கு வந்தேன்.